சர்வீஸ் லிஃப்டில் ஒரு விருந்தாளி

காட்டுப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கேட் ஆப்பை எழுதியவன் நான். வருபவரின் விவரத்தை அது முதலில் வேலையாள் ஸ்கீமாவில், அதாவது வேலையாட்களுக்கான படிவத்தில், பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிட்டால் விருந்தாளி ஸ்கீமாவில். ஒரு கிரகப்பிரவேசத்தன்று, முதல் ஸ்கீமா வேலையாட்களுக்கென்று தானாக நிரப்பிய ‘சர்வீஸ் லிஃப்ட்’ என்ற டீஃபால்ட் அழியாமல், விருந்தாளிகள் எல்லோருடைய கேட் பாஸிலும் ஒட்டிக்கொண்டது.

விஷயம் தெரிந்து ஓடினேன். சர்வீஸ் லிஃப்டில் குப்பை டிரம்களுக்கு நடுவே பட்டுப்புடவையில் ஓர் அம்மா நின்றிருந்தார். ஒரு கையில் சீர்த்தட்டு, மறு கையில் கழற்றிய செருப்பு.

“மிஷின் தப்பா சொல்லிடுச்சும்மா. முன்னாடி லிஃப்ட்ல போங்க.”

“இருக்கட்டும் நைனா. மத்த எடத்துல மனுசங்க சொல்வாங்கோ. இங்க மிஷின் சொல்லுது, அவ்ளோதான்,” என்று சிரித்தார்.

ஆப்பை அன்றே திருத்திவிட்டேன். ஆனால் அதே பாஸோடு வந்த மற்ற எல்லோரும் முன் லிஃப்டில்தான் ஏறிப் போயிருந்தார்கள். அவர் ஒருவர்தான் அதை நம்பியிருந்தார்.