மூக்கு சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் ஊர் ஒயின்ஷாப்பில் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பக்கத்துப் பெட்டிக்கடையில் அவித்த முட்டையும் கிடைக்கும். ஒயின் மட்டும் கிடைக்காது. அதனால் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் பரிமாறும் வேலை பார்த்த ஓட்டலில் ஒயின் பயிற்சி என்று அறிவிப்பு ஒட்டியபோது வீட்டில் யாருக்கும் அது நல்ல சேதியாகப் படவில்லை. "ஒயின்ஷாப்புக்கா மாத்திட்டாக?" என்று மதினி பதறினார். அண்ணன் மட்டும் சிரித்தார். "ஒனக்குச் சம்பளமும் குடுத்துக் குடிக்கவும் சொல்லித் தாராங்க. நான் கைக்காசப் போட்டுல்லடா படிச்சேன்."

அது பழைய சிரிப்பு அல்ல. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணனுக்கு அந்த வருடம் மஞ்சள்காமாலை வந்து, வயிற்றில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்திருந்தார்கள். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் தன் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மதினி நம்பவும் செய்தார், நம்பாமலும் இருந்தார். பட்டறையிலிருந்து அவர் வரும்போதெல்லாம் ஏதாவது சாக்கில் கிட்டே போய் மோந்து பார்ப்பார்.

பயிற்சி தர பெங்களூரிலிருந்து வந்த பெண் என்னைவிடப் பத்து வயது இளையவர். கிளாஸின் காம்பைப் பிடி, வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து நிறம் பார், சுழற்று, மோந்து பார், ஒரு வாய் வைத்து நாக்கெல்லாம் புரட்டு, வாளியில் துப்பு. துப்பச் சொன்னதும் எங்களில் பாதிப் பேருக்கு மனசு வரவில்லை. வாயில் போட்டதைத் துப்புவது பாவம், அதிலும் அவ்வளவு உயர்ந்த சரக்கு. மூன்றாவது கிளாஸிலேயே ஒருவர் நாற்காலியில் தூங்கிப்போனார்.

நான் துப்பினேன். சிவப்பு ஒயின் ஈறைப் பிடித்து இழுத்தது. அந்த அம்மா அதை இங்கிலீஷில் என்னவோ விளக்கினார், ஒருவருக்கும் ஏறவில்லை. "துவர்ப்பு, மேடம். வாழைப்பூ" என்றேன். மொத்த அறையும் தலையாட்டியது. பெர்ரிப் பழ வாசம் தெரிகிறதா என்று கேட்டார். நாங்கள் எந்த பெர்ரியைக் கண்டோம்? நாவல்பழம், நனைந்த சாக்கு என்று எழுதிக் கொடுத்தேன். காரமான மட்டன் சுக்காவுக்குத் துவர்க்கும் சிவப்பைக் கொடுத்தால் நாக்கு எரியும், லேசாக இனிக்கும் வெள்ளையைக் கொடு என்றார். ஒரு வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் ஒளிந்திருக்கும், அவசரப்படாமல் இருந்தால் அது மேலே வரும் என்றும் சொன்னார். கடைசி நாளில் "உங்களுக்கு நல்ல மூக்கு" என்றார். அதை வீட்டில் வந்து பீற்றிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அயிரை மீன் குழம்பு. சோறு போட்டபடியே மதினி சொன்னார்: "தம்பி, வெள்ளக்காரனுக்கு மோந்து மோந்து சொல்றீகள்ல. இந்த மனுசரையும் ஒரு தடவ மோந்து சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது." கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

அண்ணன் சிரித்தபடி முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். "ஊதுறேன், பாத்துக்க."

முதலில் கொய்யா இலை. குடித்ததை மறைக்க எங்கள் பக்கத்தில் அதைத்தான் மென்று துப்புவார்கள். பிறகு ஏலக்காய். நான் காத்திருந்தேன், காத்திருக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்களே. கருகிய சர்க்கரையும் சூடுமாக அடியிலிருந்து பிராந்தி ஏறி வந்தது. குடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணன் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கெஞ்சியது. சத்தியம் வாங்கிய தலை பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல மதினி. வெறும் ஏலக்கா வாசந்தேன்" என்றேன்.

பாசத்தில் சொன்ன பொய் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாசமில்லை, பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்னால் கெட வேண்டாம் என்ற கேடுகெட்ட பயம். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேசினேனா? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போயிற்று. தை பிறக்கும் முன்பே பட்டறையில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் பிணமாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அன்னைக்கு நீங்க சொல்லிட்டுப் போன பெறகு அவுகள மோந்து பாக்குறதயே விட்டுட்டேன் தம்பி. இம்புட்டு நாளு சந்தேகப்பட்டுட்டேனேன்னு அவுக கால்ல விழுந்து அழுதேன். அதுக்கப்புறந்தேன் திரும்ப ஆரம்பிச்சிருப்பாக போல."

"ஆமா மதினி, அப்புறந்தேன் இருக்கும்" என்றேன்.