ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார் டாக்டர்

2008-ல் கோவையிலிருந்து புனே வந்து, புறநகரான வாகட்டில் குடியேறிய புதிது. கணபதி பண்டிகை முடியப்போகும் நேரத்தில் என் கணவருக்கு இடது அடிவயிற்றில் வலி, கூடவே லேசான காய்ச்சல். நகரத்துக்குள் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் போலப் புடைத்து, அதில் ஒன்று வீங்கியிருந்தது. 'டைவர்டிகுலைடிஸ்' என்றார் மராத்திக்காரப் பெண் டாக்டர். நல்லவேளை, ஓட்டை விழவில்லை, சீழும் கட்டவில்லை.

வழக்கமாக ஆன்டிபயாடிக்தான் கொடுப்பார்களாம். ஆனால் ஊரில் இருந்தபோது ஒருமுறை ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, தொண்டை வீங்கி, மூச்சடைத்து, இவர் பிழைத்ததே பெரும்பாடு. வேறு வகை ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை. இதைக் கேட்டதும் டாக்டர் ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார். நோய் ஆரம்ப நிலைதான், தானாகவே ஆற வாய்ப்பிருக்கிறது, டிரிப்ஸ் மட்டும் ஏற்றி இங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார்.

போனில் பேசிய சொந்தக்காரர்கள் உடனே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னார்கள். அரைகுறை இந்தியில் டாக்டரிடம் கேட்டே விட்டேன், குடல் வெடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை.

"மருந்து கொடுக்கலைன்னா சும்மா இருக்கேன்னு அர்த்தமில்லை. காய்ச்சல் ஏறிக்கிட்டே போனாலோ, வயிறு இறுகினாலோ, ஐ.சி.யு.வுல வச்சு, ஒத்துக்குதான்னு பார்த்துப் பார்த்து மருந்தை ஆரம்பிச்சிடுவேன். அதுவரைக்கும் நானே வந்து பார்ப்பேன்."

கணவர் என் கையைப் பிடித்து, இங்கேயே இருப்போம் என்றார்.

மறுநாள் பிள்ளையார் சிலைகளை ஆற்றில் கரைக்கும் விசர்ஜனம். ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிட்டார்கள். டோல் மேளச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவருக்கோ காய்ச்சல் கொஞ்சம் கூடியிருந்தது. இன்றைக்கு எந்த டாக்டர் வரப்போகிறார் என்று மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அந்த டாக்டரே வந்தார். கூட்டத்துக்குள் நடந்தே வந்திருக்கிறார். தலையெல்லாம் ஊர்வலத்தில் தூவும் குலால் வண்ணப் பொடி. கையைக் கழுவிவிட்டு, இவர் முகத்தைப் பார்த்தபடியே வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்லி, முடிவு வரும்வரை அறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வயிறு இளகித்தான் இருக்கு. ரத்த ரிப்போர்ட்டும் மோசமாகலை. சாயங்காலம் வரைக்கும் பொறுப்போம்," என்றார்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. அடுத்தடுத்த நாட்களில் வலியும் விட்டு, இவர் கஞ்சி குடித்தார். எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது, மறுபடி வலி வந்தால் தாமதிக்காமல் வாருங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார்.

இப்போதும் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், என்ன மருந்து எழுதினார்கள் என்பதைவிட, நாளைக்கு யார் வந்து பார்ப்பார்கள் என்றுதான் என் மனசு முதலில் கேட்கிறது.