கச்சான் அடித்தால் அவள் அக்கா வீட்டில்

எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டே காலம்தான். வாடைக்காற்று வீசும்போது என் மனைவி என்னோடு இருப்பாள். கச்சான் காற்று தொடங்கினால் மூதூருக்கு அங்காலே கட்டைபறிச்சானில் தன் அக்கா வீட்டில் இருப்பாள். கேட்பவர்களுக்கு இது பகிடி. மனிசி திரும்பவும் கோவித்துக்கொண்டு போய்விட்டாவோ என்று தெருமுனைக் கடைக்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். நானும் ஓம் என்று சிரித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பாணை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மனிதருக்கு எத்தனை தரம்தான் விளக்கம் சொல்வது?

விளக்கம் ஒன்றும் பெரிதில்லை. எங்கள் வீட்டுக்குத் தென்மேற்கே, துறைமுகக் கரையில், சீமெந்து இறக்கி மூட்டை கட்டும் இடம் ஒன்று இருக்கிறது. கச்சான் அந்தப் பக்கமிருந்துதான் வரும். வந்தால் அந்தத் தூசி நேராக எங்கள் வளவில்தான் இறங்கும். முருங்கை இலையில் படிந்து, ஒரு தூறல் பட்டதும் இறுகிப் பொருக்காகிவிடும். இலைக்கே இந்தக் கதி என்றால் நெஞ்சுக்குள்ளே என்ன நடக்கும் என்று யோசிக்க எனக்குப் பயம். அவளுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கும்.

எனக்கு வேலையும் அங்கேதான், களஞ்சியத்தில். நாங்கள் குடியிருக்கிற கூரை அந்தச் சம்பளத்தில் போட்டது. யாரை நோவது?

முதல் முதல் இழுத்தபோது ஒருவரும் தூசியை நினைக்கவில்லை. டொக்டர் குசினிப் புகையைப் பற்றிக் கேட்டார். விறகடுப்பை இடித்தோம். நுளம்புத்திரியை நிறுத்தினோம், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் நிறுத்தினோம். செத்தல் மிளகாய் தாளிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டு, கருக்கிக் கருக்கி அவளிடம் ஏச்சு வாங்கினேன். வீட்டைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். கூட்டுவதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் விட்டாள். வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் ஒன்று தந்தார்கள். அது உதவியதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் கச்சான் மாதங்களில் அவளால் படுக்க ஏலாது. சாய்மனைக் கதிரையில் தலையணையை முண்டு கொடுத்து, இருந்தபடியே விடிய விடிய இழுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் கிடக்கிற எனக்கு எங்கே நித்திரை வரும்?

பிறகு அக்காவின் மகளுடைய கலியாணம் வந்தது. நல்ல ஆனி மாதக் கச்சானில் கட்டைபறிச்சானுக்குப் போய்ச் சில நாள் நின்றோம். ஒரு மத்தியானம் பார்க்கிறேன், இவள் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் குறட்டை விடுகிறாள். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. காற்று மாறும்வரை தங்கச்சி இங்கேயே நிற்கட்டும் என்று அக்கா அப்போதே சொல்லிவிட்டார். அப்படித்தான் இந்த அரை வருடக் குடித்தனம் தொடங்கியது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போனால் வீட்டில் நானும் வானொலியும்தான்.

அயலவர்கள் முறைப்பாடு செய்யாமலும் இல்லை. அதிகாரிகள் வந்தார்கள், கார்த்திகையில்! வாடை மழை கழுவி விட்ட இலைகளைத் தடவிப் பார்த்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனியில் வந்து பாருங்கள் ஐயா என்று கேட்டதற்கு, அப்போது பார்க்கலாம் என்றார்கள். பார்த்தார்கள், மண்ணாங்கட்டி.

லீவு நாட்களில் பஸ் பிடித்து அவளிடம் போவேன். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எத்தனை மாதம் நின்றாலும் உடுப்புகளைப் பையிலேயே வைத்திருப்பாள், அக்கா ஒதுக்கித் தந்த அலுமாரித் தட்டில் அடுக்கமாட்டாள். காற்று எப்போது மாறும் என்று என்னைக் கேட்பாள், காற்றுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நான்தான் என்கிற மாதிரி. வேலையை விட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றால் சம்மதிக்கமாட்டாள். அக்கா வீட்டில் இரண்டு பேரும் குந்தியிருந்து சாப்பிடுவதோ என்பாள். வீட்டை விற்கலாம் என்றால், வாங்க வருகிறவன் முருங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான்.

இந்த முறை அவசரப்படாமல், வாடை நன்றாகப் பிடித்து இலையெல்லாம் பச்சையான பிறகே கூட்டிக்கொண்டு வந்தேன். மெத்தையை வெயில் கண்ட நேரமெல்லாம் காயப்போட்டிருந்தேன். சுவரைக்கூடத் துடைத்திருந்தேன். வந்த கிழமையே இழுக்கத் தொடங்கிவிட்டது. தடிமன்தான், வெறும் சளிதான் என்று சாதித்தாள். எனக்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று பம்பை அடித்தாள். கடைசியில் ஆசுப்பத்திரியில் முகமூடி போட்டு மருந்து ஆவி பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நெஞ்சு இனிப் பழைய நெஞ்சில்லை, காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அந்த வீட்டுத் தூசியை அது தாங்காது என்று டொக்டர் சொன்னார். வாடையும் எங்களைக் கைவிட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் பையை எடுத்தேன். அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இது என்ர வீடு. செத்தாலும் நான் இஞ்சதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நீர் செத்தா எனக்கு வீடு என்னத்துக்கு?" என்று கத்திவிட்டேன். அப்படி நான் அவளிடம் ஒருநாளும் கத்தியதில்லை. அவள் எழும்பி உடுப்பை மடித்தாள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தாள். சேலைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் பொத்தியிருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. மருந்து வேலை செய்ததோ, காற்றுத்தான் மாறியதோ தெரியாது, கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர் வர வர அந்த இழுப்புச் சத்தம் குறைந்தது. சேலைத் தலைப்பு மடிக்கு இறங்கியது. அப்பாடா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

இன்னும் இழுக்கிறதோ என்று கேட்டேன்.

"இல்லை. மூச்சு நல்லா வருது," என்றாள். "இஞ்சயும் வராம இருந்திருந்தா, எங்க இருந்தாலும் ஒண்டுதானே எண்டு உங்களோட திரும்பி வந்திருப்பன்."