ராக்கெட்டுக்கு வெட்டிய தார்

ராஜகுமாரி தோட்டத்தில் ஒவ்வொரு வாழையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருகிறார். ஒரு தாரின் காயை விரலால் அமுக்கிப் பார்க்கிறார். கைபேசியில் ஏதோ தேதியைச் சரிபார்த்துவிட்டுக் கணவர் செல்வமுருகனிடம் திரும்புகிறார். "இத வெட்டிருங்க. ராக்கெட்டு ஏறுற அன்னிக்குச் சரியாப் பழுத்துரும்."

பண்ணைக்காட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர்கள். காப்பி, மிளகு, மலைவாழை என்று இருக்கிற குடும்பம்தான். ஆனால் ராஜகுமாரிக்கு வேலை ராக்கெட்டில். கல்லூரிகளும் சிறிய கம்பெனிகளும் செய்கிற குட்டிச் செயற்கைக்கோள்களைச் சேர்த்து, ஒரே ராக்கெட்டில் இடம்பிடித்து அனுப்புகிற ஒரு சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே தேதி பார்த்துக் கொடுக்கிறார். "ஷேர் ஜீப்பு மாதிரிதாங்க. ஒருத்தரு வெள்ளனே வந்து உக்காந்துருப்பாரு. ஒருத்தரு வந்துக்கிட்டே இருக்கேம்பாரு. எல்லாரும் ஏறுனப்பறம் டிரைவரு டயரப் பாக்கணும்பாரு." எங்கள் இருவீட்டுக்கும் நடுச்சுவரோரம்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் இந்தச் சோலியெல்லாம் எனக்கும் அத்துப்படி.

தேதி கேட்டால் நேரான பதில் வராது. "பதினெட்டுக்கு முந்தி இல்லைங்க" என்பார். அது அவர்கள் தொழில்பேச்சு. பதினெட்டாகவும் இருக்கலாம், அதற்குப் பிறகு எந்த நாளாகவும் இருக்கலாம். மதியச் சாப்பாடு எப்போது என்று செல்வமுருகன் கேட்டாலும் "ஒரு மணிக்கு முந்தி இல்லைங்க"தான். மனிதர் பழகிக்கொண்டார்.

இத்தனை விவரமான ராஜகுமாரி வாழைத்தாரிடம் மட்டும் ஏமாந்துகொண்டே இருப்பது எனக்குத் தீராத ஆச்சரியம். ராக்கெட் ஏறியதும் தெருவுக்கே பழம் கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. நாள் கணக்குப் பார்த்து வெட்டி இருட்டறையில் தொங்கவிடுவார். தார் சொன்ன நாளில் பழுத்துவிடும், ராக்கெட் தள்ளிப்போய்விடும். பழம் சீப்புச் சீப்பாகத் தெருவுக்கு வரும். "இந்தத் தடவ எதுக்காம்? மழையா, மோட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி உரிப்பார். நானும் வெட்கமில்லாமல் தின்றிருக்கிறேன். ராஜகுமாரி மட்டும் தொடமாட்டார். தனக்கென்று ஒரே ஒரு பழத்தைத் தண்டோடு விட்டுவைப்பார். "ஏறட்டுங்க, திங்கிறேன்." ஏறுகிற அன்று அடுத்த ராக்கெட் தள்ளிப்போன சேதி வந்துவிடும். இவர் சுவரோரம் ஓடிவிடுவார். பழம் தண்டிலேயே காய்ந்து போகும்.

போன முறை ஏறிய ராக்கெட்டில் மதுரைக் கல்லூரிப் பெண்கள் செய்த செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. செங்கல் அளவுதான். பயணம் தள்ளித் தள்ளிப் போனதில் உள்ளே பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜ் ஏற்ற ஒரு முழுநாள் வேண்டும். மறுநாளே ராக்கெட்டின் மேல்மூடியைப் பூட்டுவதாக ஏற்பாடு. "அப்படியே போங்கள், இல்லாவிட்டால் இறங்கிக்கொள்ளுங்கள்" என்றுவிட்டார்கள் ராக்கெட்காரர்கள். இறங்கினால் அடுத்த வருஷம். அதற்குள் அந்தப் பெண்கள் படிப்பு முடித்து ஆளுக்கொரு ஊராகப் போயிருப்பார்கள். குழுவின் தலைவி சுகன்யா ஏவுதளத்திலிருந்து போனில் அழுதது சுவர்தாண்டிக் கேட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

எப்போதும் தள்ளிப்போய்விடக் கூடாதே என்று வானிலைப் படம் பார்க்கிற ராஜகுமாரி, அன்று சாயங்காலம் தள்ளிப்போகாதா என்று பார்த்தார். "கடல்ல ஒரு மேகம் கெடக்குங்க. வெரசா வந்தாத் தேவல" என்றார், குரலைத் தாழ்த்தி.

விடிந்தபோது ஏவுதளத்தில் காற்று பிடித்துக்கொண்டது. ராக்கெட்டை மேடைக்குக் கொண்டுபோக முடியாது, பயணம் மறுபடியும் ஒத்திவைப்பு. மற்றவர்கள் திட்டிக்கொண்டிருந்தபோதே இவர் அங்கிருக்கும் மேலாளரைப் பிடித்துவிட்டார். "சார், எங்களுக்காகத் தெறக்க வேணாம் சார். சும்மாதான நிக்கப்போறீங்க, மூடாம மட்டும் இருங்க."

சரி என்றார்கள். சுகன்யா சார்ஜ் ஏற்றினாள். எங்களுக்கு வழக்கம்போலப் பழம் வந்தது. முதல்முறையாக ராஜகுமாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அடுத்த வாரம் ராக்கெட் ஏறியது. டிவி முன்னால் நாங்கள் கைதட்டினோம், அவர் தட்டவில்லை. "ஏறிருச்சு. புள்ளைங்க செஞ்சது மேல போயிச் சிக்னல் குடுத்துப் பேசணும்ல" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். வெயில் சாயும் நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, பேசுதுக்கா." சுகன்யாவின் குரல் எனக்கே கேட்டது.

"சரிம்மா. சரி" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய்த் தண்டில் மிஞ்சியிருந்த அந்த ஒற்றைப் பழத்தைப் பறித்துக்கொண்டு வந்தார். தோல் முழுக்கக் கறுத்துச் சுருங்கியிருந்தது. அதற்குள் போன் மறுபடியும் அடித்தது. திரையைப் பார்த்தார். "அடுத்த ராக்கெட்டுக்காரங்க" என்றார். போனைச் சுவர்மேல் வைத்து அது பாட்டுக்கு அடிக்கவிட்டு, பழத்தை உரித்து, நின்றபடியே முழுசாகத் தின்று முடித்தார்.