அம்மாவின் கண்ணில் வைத்த சீர்

என் காதுகுத்துக்கு மாமா ஒரு பூமாலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் மட்டும் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வேலை இல்லை. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அதை மறக்கவே இல்லை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் காதைப் பிடித்துப் பார்த்து, "தாய்மாமன் சீர் எங்கடி, கண்ணுக்கே தெரியலையே?" என்பாள். அம்மா தையல் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள். அத்தைக்கு வாய் நீளம், அம்மாவுக்கு ரோஷம் அதைவிட நீளம்.

அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அது ஒரு கண்ணை முன்பே தின்றுவிட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை விழுந்தபோது, மாமாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் நல்ல வேலை கிடைத்திருந்தது. கண்ணுக்குள்ளேயே வைக்கும், கண்ணாடியே போடத் தேவையில்லாத உயர்ந்த லென்ஸைத் தானே வாங்கித் தருவதாக நின்றார். "காதுக்குச் செய்யல, கண்ணுக்குச் செய்யறேன்லா. இதுதான் என் சீர்" என்றார். இனிப்புநீர்க்காரருக்கு அந்த வகை வைப்பதை யோசித்துக்கொள்ளுங்கள் என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அண்ணன் சீரை யாராவது யோசித்து வாங்குவார்களா? லென்ஸ் வைத்த பிறகு அத்தை வந்த அன்று அம்மா வேண்டுமென்றே அவள் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் கண்ணின் பின்புறம் ஒரு மெல்லிய சவ்வு வளர்ந்து விழித்திரையை இழுக்க ஆரம்பித்தது. நேராகப் போட்ட தையல் அம்மாவுக்கு வளைந்து தெரிந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் டாக்டரைப் பார்க்க நான்தான் துணைக்குப் போனேன். எனக்கு ஒன்பது வயது. நம் தமிழ் டாக்டர், அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"அக்கா, கிட்டயும் தூரமும் தெரியணும்னு உங்க லென்ஸ்ல வட்டம் வட்டமா வரி போட்டிருக்கு. ஆப்பரேஷன்ல நானும் அது வழியாத்தான் உள்ள பாக்கணும். உங்களுக்கு உதவுற வரி எனக்குக் கலங்கலா காட்டும். சவ்வோட ஓரம் தெரியலன்னா, அந்த லென்ஸ எடுத்துட்டுச் செய்யறேன். அப்புறம் சாதா லென்ஸ் வச்சிடலாம். கண்ணாடி போட்டுக்கலாம்."

"கண்ணாடி போடறது பெருசில்ல டாக்டர். இது எங்கண்ணன் செஞ்ச சீர். எடுத்தா அவர் மனசு என்ன பாடுபடும்? இருக்கட்டும்."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா பிடித்த பிடியை விடவில்லை. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆப்பரேஷனில் அம்மாவின் கண்ணை மட்டும் மரக்கவைத்திருந்தார்கள். "இப்பத் தெரியுது, இப்ப இல்ல" என்று டாக்டர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது என்று பின்னால் அம்மா சொன்னாள். வெளியே வந்த டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"சவ்வு நல்லா ஒட்டியிருந்துச்சு அண்ணே. எது சவ்வு, எது விழித்திரைன்னு பிரிச்சுப் பாக்க முடியல. லென்ஸ எடுத்துடவான்னு நடுவுல மறுபடியும் கேட்டேன். வேணாம்னுட்டாங்க. உரிக்கும்போது விழித்திரை நடுவுலயே கிழிஞ்சிருச்சு."

நடு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. முகம், எழுத்து, ஊசிமுனை எல்லாம் அந்த நடுவில்தான் இருக்கின்றன. அன்றைக்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்ததில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, தோளையும் நடையையும் வைத்து நான்தான் என்று கண்டுகொள்கிறாள். யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் இப்போதும் தெரியவில்லை.

மாமா வேலை முடிந்து, பெர்ரிப் படகு பிடித்து, சாயங்காலம் வந்து சேர்ந்தார். நல்ல சேதி சொல்ல நான் ஓடினேன். "மாமா, நீங்க வாங்கித் தந்த லென்ஸ எடுக்கவான்னு டாக்டர் கேட்டாங்க. எங்கண்ணன் சீர்னு சொல்லி அம்மா விடவே இல்ல. பத்திரமா உள்ளதான் இருக்கு."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார்.

கட்டுப்போட்ட கண்ணோடு அம்மாவை வெளியே அழைத்து வந்தார்கள். மாமா சந்தோஷம் தாங்காமல் அழுதார் என்று, முதல் ஆளாகப் போய் அவளிடம் சொன்னேன்.