யென்ஸ் மாமாவின் வலது காது

பேருந்திலிருந்து இறங்கும்போது, "அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்று என் மகளிடம் சொன்னேன். தமிழ் புரியாவிட்டாலும் அங்கிள் என்ற சொல் ஓட்டுநரின் காதில் விழுந்துவிட்டது. அவர் கதவை மூடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். தமக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை, ஆகவே தாம் எந்தக் குழந்தைக்கும் அங்கிளாக இருக்க வாய்ப்பில்லை என்று டேனிஷ் மொழியில் பொறுமையாக விளக்கினார். கோபமெல்லாம் இல்லை. ஒரு தகவல் பிழையாகப் போய்விடக் கூடாதே என்கிற அக்கறைதான். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்த உறவுமுறை விசாரணை முடியும்வரை பின்னால் நின்ற பேருந்து ஹாரன்கூட அடிக்கவில்லை. டென்மார்க்கில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய பிறகும் இப்படி ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்கிறேன்.

திருநெல்வேலியில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த ஓட்டுநரின் சிக்கல் புரியாது. நம் ஊரில் பல் டாக்டர் அங்கிள், மாடிவீட்டுக்காரர் அங்கிள், கங்கைகொண்டானில் நான் வேலை பார்த்த கம்பெனியின் காவலாளிகூடப் பிள்ளைகளுக்கு அங்கிள். அண்ணாச்சியில் அடங்காத ஆம்பிளைகளை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அள்ளிப்போட்டு மூட்டை கட்டிவிடுவோம். பெரியப்பா, சித்தப்பா, மாமா, சித்தியின் வீட்டுக்காரர் எல்லாரும் அதே மூட்டைக்குள்தான். அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது, அக்கா எனக்கு அந்த மொழிபெயர்ப்பு வேலையைத் தரும்வரைக்கும்.

அக்கா அம்பாசமுத்திரத்தில் ஆங்கில ஆசிரியை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வைத்ததுதான் சட்டம். மதி என்று நாங்கள் கூப்பிடும் என் மகள் காந்திமதிக்கு, அந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கும் நம் சாஸ்தா கோயிலில் வைத்துக் காது குத்துவது என்று நாள் குறித்துவிட்டாள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் மனைவி மெட்டே டென்மார்க்காரி. அவளுக்கு ஒரே அண்ணன், யென்ஸ். ஆக, டென்மார்க்கின் மேற்கே ஜட்லாந்தில் மாடு வளர்க்கும் யென்ஸ்தான் எங்கள் குடும்பத்துத் தாய்மாமன். அவருக்கு அக்கா ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு எழுதி என் கைபேசிக்கு அனுப்பினாள். குழந்தையின் அங்கிள் வராமல் இந்தச் சடங்கு நடக்காது என்று அதில் இருந்தது. அதை டேனிஷில் போட்டு அனுப்பு என்றாள்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். எந்த அங்கிள் என்று மெட்டே கேட்டாள். டேனிஷில் அப்பாவின் சகோதரன் ஃபார்ப்ரோர், அம்மாவின் சகோதரன் மோர்ப்ரோர், அத்தையையோ சித்தியையோ கட்டியவர் ஒன்கெல் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மாமனையும் சித்தப்பாவையும் பிரித்துக் கூப்பிடத் தெரிந்த ஒரு சனம் இந்தக் குளிருக்குள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். எழுந்து மெட்டேயைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, இப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேர் எல்லாரையும் ஒன்கெல் என்றுதான் சொல்கிறார்கள், மோர்ப்ரோர் கொஞ்சம் பழைய சொல் என்றாள். எதற்கு வம்பு என்று நானும் ஒன்கெல் என்றே எழுதி அனுப்பினேன். யென்ஸிடமிருந்து உடனே பதில் வந்தது. வாழ்த்துகள், நல்ல நாளாக அமையட்டும் என்று எழுதி, புதிதாகப் பிறந்த ஒரு கன்றுக்குட்டியின் படத்தையும் சேர்த்திருந்தார்.

மெட்டே அதைப் படித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். எனக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மா அப்பா இல்லாத வீட்டில் மிச்சமிருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொள்வார்கள், உருளைக்கிழங்கு சாப்பிடுவார்கள், வானிலை பேசுவார்கள். அண்ணன் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வா என்று கேட்கத்தான் அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

எங்கள் தாய்மாமன் சாத்தான்குளத்தில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். அக்கா பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லூரி வேண்டாம், கல்யாணத்தைப் பார்ப்போம் என்று அப்பா சொல்லிவிட்டார். மறுநாள் மாமா வந்து இறங்கினார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளை படிக்கட்டும் என்று அத்தான் சொன்ன பிறகு குடிக்கிறேன் என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பொழுது சாயும்வரை அந்தச் சொம்பு அப்படியே இருந்தது. கடைசியில் அப்பாதான் எழுந்து வந்து, சரிவே, தண்ணியக் குடியும் என்றார். அக்கா இன்று ஆங்கிலம் நடத்துகிறாள் என்றால் அது அந்தச் சொம்புத் தண்ணீரால்தான். இதையெல்லாம் ஒன்கெல் என்கிற ஒரு சொல்லில் வைத்து நான் யென்ஸுக்கு எப்படி அனுப்புவது?

யென்ஸின் பதிலை அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். அவளுக்கு வருத்தம் யென்ஸ் மீது இல்லை, என் மீதுதான்.

"ஏலே, போன்ல கூப்பிட்டா எந்தத் தாய்மாமன்லே வருவான்? தட்டு வச்சு நேர்ல போயில்லா கூப்பிடணும். தப்ப நம்ம பக்கம் வச்சுக்கிட்டு அவுகள வரலைன்னு சொல்லுதியே."

இலங்கைத் தமிழர் ஒருவரின் கடையில் வெற்றிலை கிடைத்தது. பாக்கு, பழம், தேங்காய், குங்குமம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினோம். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டாம் என்று மெட்டே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். இந்த நாட்டில் கூடப்பிறந்தவர் வீட்டுக்குக்கூட நாள் கேட்டுத்தான் போவார்கள். நேரில் அழைக்கப் போகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுப் போனால் அது என்ன அழைப்பு என்பது என் கட்சி. மாட்டுத் தொழுவத்தின் வாசலில் நின்ற யென்ஸ் எங்கள் காரைப் பார்த்தார், சிவப்புத் துணி போர்த்திய தட்டைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனார்.

"யார் இறந்துபோனது?" என்று கேட்டார்.

யாரும் இறக்கவில்லை என்று புரியவைப்பதற்குள் தேங்காய் உருண்டு தொழுவத்துக்குள் போய், ஒரு மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்த யென்ஸிடம், தட்டை இரண்டு கையாலும் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். தமது பிறந்தநாள் விருந்துக்கே ஆட்கள் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிற மனிதர் அவர். தாம் அங்கே வந்து என்ன உதவி செய்ய முடியும் என்று உண்மையாகவே கேட்டார். ஒன்கெல் என்று நான் எழுதியது தப்பு, நீங்கள் மோர்ப்ரோர், நீங்கள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது என்றேன். சாத்தான்குளம் மாமாவின் சொம்புக் கதையையும் எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். யென்ஸ் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு தங்கையைப் பார்த்து, பக்கத்துப் பண்ணைக்காரன் பால் விவகாரத்தைக் கவனித்துக்கொள்வான் என்றார். மெட்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். மதி வேண்டாம் என்று சொன்னால் தாம் எழுந்துவிடுவாராம். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். காது குத்துக்குப் பிள்ளையிடம் சம்மதம் கேட்கிற ஊரா நம் ஊர்?

கோயிலில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மலையில் மழை பெய்து ஆறு நிறையப் போய்க்கொண்டிருந்தது. பட்டு வேட்டி கட்டி, அதற்கு மேல் தமது பழைய தோல் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு யென்ஸ் வந்தார். தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தம் ஊர்க் கடற்கரையில் தாமே பொறுக்கிய, மரப்பிசின் உறைந்து கல்லான இரண்டு அம்பர் கற்களைக் கொண்டுவந்திருந்தார். சீர்த்தட்டில் பட்டுப்பாவாடைக்கும் பழத்துக்கும் நடுவில் தேன் நிறத்தில் இருந்த அவற்றை ஆசாரி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் தோடு செய்தால் நன்றாக இருக்கும் என்றார். யென்ஸுக்குச் சம்மணம் போட வரவில்லை. இரண்டு முழங்காலும் தோள் உயரத்துக்கு நிற்க, அந்தப் பள்ளத்துக்குள் மதியை உட்கார வைத்தோம். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். மதி அதைப் பார்த்தாள்.

"நை" என்றாள். டேனிஷில் வேண்டாம் என்று அர்த்தம். அவள் கத்தவில்லை, அழவுமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

யென்ஸ் எழுந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, படித்துறையைப் பார்க்க நடந்தே போய்விட்டார். நாதஸ்வரம் பாதியில் நின்றது. ஆசாரி கம்பியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரனைக் கூட்டிவந்தால் இப்படித்தான் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மெட்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வரவழைத்து அவள் அண்ணனை நாலு பேர் ஏசும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அக்கா என்னிடம் வந்து என்னலே இது என்றாள். நிபந்தனையைச் சொன்னேன். பிள்ளை வேண்டாம் என்றால் எழுந்துவிடுவேன் என்று சொல்லித்தான் அவர் வந்தார் என்றேன்.

அக்கா ஆற்றுப் பக்கம் பார்த்தாள். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாத்தான்குளம் மாமாவைப் பார்த்தாள். அவர் இப்போது கிழவராகிவிட்டார், ஆனாலும் விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்துவிடுவார்.

"பிள்ளைக்காகக் கேக்கத்தானலே தாய்மாமன்" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. "நேரம் இன்னும் கெடக்கு. பைய வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கால் நனைந்து திரும்பி வந்தார்கள். யென்ஸ் என்னிடம் ரொம்பத் தீவிரமாகப் பேசினார். வலிக்குமா என்று மதி கேட்டிருக்கிறாள். தெரியாது, எனக்கு யாரும் குத்தியதில்லை என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் முதலில் உனக்கு என்று அவள் சொல்லிவிட்டாள். அது நியாயமாகத்தான் தமக்கும் படுகிறது என்றார்.

நான் இதைத் தமிழில் சொன்னதும் கோயிலே சிரித்தது. ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டு தயாரானார். ஆனால் நம் ஆட்கள் இருக்கிறார்களே, முறை என்று வந்துவிட்டால் விடமாட்டார்கள். இவருக்குக் காது குத்தவேண்டுமென்றால் இவர் யார் மடியில் உட்காருவது? இவருடைய தாய்மாமன் எங்கே? அவர் காலமாகிவிட்டார் என்று மெட்டே சொன்னாள். பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். சாத்தான்குளம் மாமாதான் கம்பைத் தரையில் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"என் மடி சும்மாதான கெடக்கு. அந்தப் பெரிய பிள்ளைய இங்கன வரச்சொல்லு, மருமவனே."

யென்ஸ் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, பெரிய பொன்னிறத் தலையை அந்த வேட்டி மடியில் சாய்த்தார். இவர் எனக்கு யார் என்று டேனிஷில் என்னைக் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். மோர்ப்ரோர் இல்லை, ஃபார்ப்ரோர் இல்லை, ஒன்கெல்லும் இல்லை. அத்தனை ஒழுங்காகப் பிரித்து வைத்த மொழியில் இந்த மனிதருக்கு இடமில்லை. அங்கிள் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஓட்டைச் சாக்கு மாதிரியான அந்த ஆங்கிலச் சொல்லின் மீது எனக்கு அன்றைக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது.

ஆசாரி வலது காதைக் குத்தினார். மதி தன் மாமாவின் முகத்துக்கு நேரே குனிந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வலிக்கிறது, கொஞ்சந்தான் என்றார் யென்ஸ். ஆசாரி இடது காதுக்குப் போகுமுன், போதும், இனி நான் என்று மதி யென்ஸ் மாமனின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நாதஸ்வரம் மறுபடி எடுத்தது. இரண்டாவது காதுக்கு மட்டும் அழுதாள், சாத்தான்குளம் மாமா தம் கடைக் கருப்பட்டியில் ஒரு துண்டை அவள் வாயில் போட்டதும் அதுவும் நின்றது.

சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதி. இலைக்கு எதிரே நின்று, எப்படி இருக்கு என்று கேளு என்றாள் அக்கா. யென்ஸ் மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, மோசமில்லை என்றார். ஜட்லாந்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவர்கள் சொர்க்கத்தைப் பார்த்தாலும் மோசமில்லை என்றுதான் சொல்வார்கள்.

"இந்த மாதிரி நான் சென்மத்துல சாப்பிட்டதில்லைன்னு சொல்லுதாரு" என்று அக்காவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

இப்போது யென்ஸ் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறார், சொல்லாமல் வருகிறார். கதவைத் திறந்ததும், யாரும் இறக்கவில்லை என்று முதலில் சொல்லிவிடுவார். வலது காதில் தங்க வளையம் மின்னும், இடது காது பிறந்தபடியே இருக்கும். அடுத்த காதை எப்போது குத்த வருகிறாராம் என்று அக்கா ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள். இது இங்கேயே இருக்கட்டும் என்று யென்ஸ் அந்த வெறும் காதைத் தொட்டுக்கொள்கிறார். காற்று அடிக்காத நாளில் மதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வயல் பக்கம் போவார். அம்பர் தோடு போட்ட அவள் அவர் காதுகளைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுவாள். அம்பாசமுத்திரத்துக் காதைத் தொட்டால் வலப்பக்கம் திரும்ப வேண்டும், ஜட்லாந்துக் காதைத் தொட்டால் இடப்பக்கம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் நேராகப் போக வேண்டும். அவள் அநேகமாக இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.