நரியைப் பார்க்காதவர்கள்

அந்த அட்டையில் நரிக்கு வால் இல்லை. கரையான் தின்றுவிட்டது. மற்றபடி சிங்கம், புலி, குரங்கு, கழுதை, ஒட்டகம் எல்லாம் நிறம் வெளுத்தாலும் அதது கட்டத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. சிவகாசியில் அச்சடித்து, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுவார்களே, அந்த மாதிரி விலங்குப் பட அட்டை. போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டு முன்னறையில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வாரம் பின்பக்கத்து அறையை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பாராடாங் தீவிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர். முப்பது வயதிருக்கும். மனைவியை அடுத்த மாதம் அழைத்து வருவாராம். அவர் பேசப் பேச என் கண் அவர் மூக்குக்கும் அட்டைக்குமாகப் போய்ப் போய் வந்தது. வளைந்த மூக்கு. மூன்றாவது வரிசையில் முதல் கட்டம், கழுகு. இதற்கு முன்னால் வந்த மூன்று பேரை ஏதேதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நான் அப்படித்தான். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவள். அண்ணி இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். அண்ணி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

அந்த அட்டை அண்ணியோடு சீதனமாக வந்தது என்று அண்ணன் கேலி பேசுவான். பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பால்வாடியில் ஆயாவாக இருந்தவள். கல்யாணமாகி அந்தமானுக்கு வந்து ஹட் பேயில் இறங்கியபோது அவளுடைய டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இதைச் சுருட்டி வைத்திருந்தாள். அண்ணனுக்கு அப்போது பாமாயில் தோட்டத்தில் வேலை. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக. அம்மா இறந்ததும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்தவள் நான். எங்கள் அடுப்படிச் சுவரில் அட்டையை மாட்டிவிட்டு அண்ணி கேட்ட முதல் கேள்வி, "இதுல எதெல்லாம் உங்க ஊர்ல இருக்கு?" என்பதுதான். யானை உண்டு, மரம் இழுக்கக் கொண்டுவந்தது. மாடு, ஆடு, பன்றி, முதலை, பாம்பு. சிங்கம் இல்லை, புலி இல்லை, குரங்கு இல்லை, நரி இல்லை, கழுதையும் இல்லை என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தான். "கழுதைகூட இல்லையா?" என்றாள் அண்ணி. "அப்பறம் யாரைச் சொல்லித் திட்டுவீங்க?"

ஒரே மாதத்தில் குவார்ட்டர்ஸில் இருந்த எல்லோரையும் அவள் அட்டையில் ஏற்றிவிட்டாள். தோட்டத்து மேஸ்திரி எருமை. மழையோ வெயிலோ, முகத்தில் ஒரே பாவனைதான். ரேஷன் கடைக்காரர் பூனை. கண்ணை மூடியிருப்பது போல இருக்கும், தராசு முள் மட்டும் தெரியும். அண்ணன் பூம்பூம் மாடு. அதை அவன் முகத்துக்கு நேரேயே சொல்வாள், அவனும் தலையாட்டிக்கொண்டே சிரிப்பான். அவள் சொல்லிவிட்டால் அது சட்டம். மேஸ்திரி பேசாமல் போனால் என்மேல் கோபமோ என்று அதற்கு முன்பெல்லாம் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடப்பேன். எருமை என்று தெரிந்த பிறகு நிம்மதி. உலகத்தில் யார் எப்படி என்று புரியாமல் கலங்கிக் கிடந்தவளுக்கு யாரோ கட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. புதிதாக யாரைப் பார்த்தாலும் வீட்டுக்கு ஓடிவந்து, "அண்ணி, அவரு என்ன?" என்று கேட்பேன். என்ன மிருகம் என்று முழுதாகக் கேட்க வேண்டியதே இல்லை.

என்னை முதலில் முயல் என்றாள். அப்புறம் ஒருநாள் கடற்கரையில் சங்குக்குள் குடியிருக்கும் நண்டைப் பார்த்தாள். மெயின்லேண்டில் அவள் பார்க்காதது. விரலால் தொட்டாள், அது உள்ளே போய் ஒடுங்கிக்கொண்டது. விரலை எடுத்தாள், கால் மட்டும் வெளியே வந்தது. "ஐயோ புள்ள, இது நீதான்!" என்று மணலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அட்டையின் ஓரத்தில் பென்சிலால் நண்டு ஒன்று வரைந்தாள். எனக்குக் கோபம்தான். அது இப்போதும் அழியாமல் இருக்கிறது.

கப்பல் டிக்கெட் கவுண்டரில் ஒரு பாபு இருந்தார். ஆபீஸ் வேலை பார்ப்பவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வங்காளிக் குடும்பம், ஹட் பேயிலேயே பிறந்தவர். ஒடுங்கின முகம், கூரான முகவாய், வெளிறின கண். உதட்டின் ஒரு பக்கத்தால் மட்டும் பேசுவார், அதுவும் மெதுவாக. அவரை அண்ணி ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். "நரி. சந்தேகமே இல்ல. இந்த ஆளுகிட்ட கையில இருக்கறதக் காட்டிடாத." காக்கா வாயிலிருந்த வடையை நரி வாங்கின கதை எனக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்பிலேயே படித்தது. அவர் இருக்கும் பக்கமே நான் தலை திருப்புவதில்லை.

அந்த மழைக்காலத்தில் அண்ணிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. காலும் முகமும் வீங்கி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே போர்ட் பிளேருக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுப்பது சுலபம். கடல் நாலு நாளாகக் கொந்தளிப்பு. கப்பல் வரவில்லை, அந்தக் காற்றில் ஹெலிகாப்டரும் கிளம்பாது. அண்ணன் தோட்டத்து வேலையாகப் போர்ட் பிளேர் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஐந்தாம் நாள் காலையில் கப்பல் வந்து நிற்கிறது, மதியம் திரும்பிவிடும் என்று செய்தி வந்தது. டாக்டர் கொடுத்த சீட்டை, அங்கே அதற்குப் பர்ச்சி என்று பேர், பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன். எனக்கு முன்னால் நாலு நாள் கூட்டம் நின்றது. என் முறை வருவதற்குள் பாபு எழுந்து, "கதம்! டிக்கெட் கதம்!" என்று முடிந்துபோனதாகச் சொல்லி ஜன்னலைச் சாத்தினார். கூட்டம் கத்தியது, பலகையைத் தட்டியது. நான் பர்ச்சியைத் தூக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றேன். அப்போது பக்கவாட்டுக் கதவை ஒரு சாண் திறந்து, விரலால் என்னை மட்டும் கூப்பிட்டார். உதட்டின் அதே ஓரத்தால் சொன்னார். "பெஹன், தங்கச்சி, பர்ச்சி என்கிட்ட குடு. குடுத்துட்டு வீட்டுக்குப் போ. யாருக்கும் சொல்லாத. ஜல்தி!"

கையில் இருந்தது அந்த ஒரு காகிதம்தான். அதை வாங்கிக்கொண்டு வேறு யாரையாவது நோயாளியாகக் காட்டி ஏற்றிவிட்டால்? இவர் வாங்கவே இல்லை என்று சொல்லிவிட்டால்? அண்ணி சொன்னது காதில் கேட்டது. பர்ச்சியை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். பின்னாலிருந்து "அரே பெஹன்! சுனோ!" என்று அவர் கூப்பிட்டதும் கேட்டது. கேட்கக் கேட்க வேகமாக ஓடினேன். வீட்டில் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "நல்ல காரியம் செஞ்ச புள்ள. நரிகிட்ட வடையக் குடுப்பாளா ஒருத்தி?" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைத்தேன். "அங்கயா நிக்கிற?" என்று வேறு பக்கம் திரும்பிக் கேட்டபோதுதான் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று புரிந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் செய்த நல்ல காரியம் அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பக்கத்து வீட்டில் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, ஜீப் வந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். மழையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பாபு. நான் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, எப்படி அந்தப் பொய் வந்ததோ, "அண்ணி இல்ல, ஊருக்குப் போய்ட்டாங்க" என்றேன்.

"ஊருக்கா?" அவர் மூச்சு வாங்கினார். "நாலு நாளா கப்பல் இல்ல. நான் டிக்கெட் குடுக்காம எந்தக் கப்பல்ல போனாங்க?"

உள்ளேயிருந்து அண்ணி சிரித்தாள். அந்த வேதனையிலும் அவளால் சிரிக்க முடிந்தது. "எதுக்கு வந்திருக்காரு கேளு" என்றாள். அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். நோயாளிக்கென்று ஒரே ஒரு படுக்கை இருக்கிறது, அதை எழுதாமல் காலியாக வைத்திருக்கிறேன், அது வெளியே தெரிந்தால் அந்தக் கூட்டம் கதவை உடைத்துவிடும், அதனால்தான் மெதுவாகச் சொன்னேன். டாக்டரின் பர்ச்சியைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றுவார்கள், இன்னும் அரை மணியில் லிஸ்ட்டை மூடிவிடுவார்கள். பாதி தமிழ், பாதி இந்தி. நான் நம்பவில்லை. இதையும் கதையாகச் சொல்லலாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"புள்ள, எனக்குக் கண்ணு தெரியல. ஆளு எப்படி நிக்கிறாரு, சொல்லு" என்றாள் அண்ணி.

அப்போதுதான் நான் அவர் முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சேறு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. குடை இருக்கிறது, ஆனால் அதை அவர் தலைக்குப் பிடிக்கவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த லிஸ்ட் புத்தகத்துக்கு மேலே விரித்துச் செருகியிருந்தார். புத்தகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இருந்ததை இருந்தபடி சொன்னேன். அண்ணி சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், "குடுத்துடு. கதையில நரி மரத்தடியிலேயேதான நிக்கும். வடையத் தேடி மழையில இம்புட்டுத் தூரம் வராது."

கொடுத்தேன். ஜீப்பில் கப்பல்துறைக்குப் போனோம். அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். கப்பல் ஏணிக்குப் பக்கத்தில் பாபு அதே ஈரச் சட்டையோடு நின்று அண்ணி பெயரைச் சத்தமாகப் படித்தார். உதட்டின் இரண்டு பக்கத்தாலும். நான் அதுவரை தனியாகக் கப்பலேறியதே கிடையாது. ஏணி ஆடியது. நின்றுவிட்டேன். நாற்காலியில் இருந்த அண்ணிக்கு நான் நின்றது எப்படித் தெரிந்ததோ. "ஏய் சங்கு நண்டு, அதுவும் பயந்துக்கிட்டேதான் போவுது. ஆனா போவுதுல்ல?" என்றாள். ஏறினேன். போர்ட் பிளேரில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அண்ணிக்குக் கண் தெளிந்தது. முதலில் குழந்தையைப் பார்த்தாள், அப்புறம் என்னை. "நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னும் எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு புள்ள" என்றாள். "நான் பாதிய மட்டும் ஞாபகம் வெச்சிருந்திருக்கேன்."

ஹட் பே திரும்பியதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குவாளி நிறைய உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பாபு சாப்பிடச் சாப்பிட இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன என்று கேட்டதற்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நரி என்று பேர் வைத்தது உட்பட. நான் பூமிக்குள் போய்விடலாமா என்று நின்றேன். அவர் அடுத்த வடையை எடுத்துக்கொண்டு கேட்டார். "நரியா? மைனே தேகா ஹீ நஹி, பாத்ததே இல்ல. நான் இங்க பொறந்த ஆளு. அது எப்படி இருக்கும்?" "உங்கள மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன், "நீங்க பாத்திருக்கீங்கள்ல அண்ணி, நெஜ நரிய?" அவள் குழந்தைக்குத் தலைத்துணியைச் சரிசெய்தாள். இரண்டு வீடு தாண்டினோம். "ஊளைச் சத்தம் கேட்டிருக்கேன்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய், "எங்கப்பா அது நாயின்னாரு."

பாபுவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, இவளும் பார்த்ததில்லை. சிவகாசியில் வரைந்தவன் பார்த்தானோ என்னவோ. யாரும் காணாத ஒரு மிருகத்தைக் கொண்டுவந்து ஒரு மனுஷர் முகத்தில் ஒட்டி, அதற்காக ஓர் உயிரையும் அதற்குள் இருந்த இன்னோர் உயிரையும் கரையில் விட்டுவிடப் பார்த்தேன். நாலு நாள் தூங்காமல் இதையே நினைத்தேன். அதன்பிறகு அண்ணி பேர் வைப்பதை விட்டுவிட்டாள் என்று சொன்னால் பொய். அவளால் விட முடியாது. ஆனால் யார் என்ன என்று நான் கேட்டால், "இரு, ஒரு மழை போவட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். பாபுவை மட்டும் கடைசிவரை நரி சார் என்றுதான் சொன்னாள். குழந்தைக்கு மிருகம் சொல்லிக் கொடுக்கும்போது நரியின் கட்டத்தில் விரல் வைத்து, "இது உன்னயக் கப்பல்ல ஏத்திவிட்ட மாமா" என்பாள். அவள் பெண் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். நரி என்றால் தந்திரம் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டுவிட்டு வந்தது தனிக் கதை.

போன வாரம் வந்தவருக்கு நான் சட்டென்று சரி சொல்லிவிடவில்லை. அறை ஈரம் அடிக்கும், சமையலறை சின்னது என்று இழுத்துக்கொண்டிருந்தேன். சடசடவென்று மழை பிடித்தது. பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் எழுந்து வெளியே ஓடினார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று நினைத்தேன். கொடியில் கிடந்த என் சேலை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார். சட்டை தோள் இரண்டும் நனைந்திருந்தன. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்தே, "தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்க்கா?" என்றார்.

சாவியை எடுக்க எழுந்தேன். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்னக்கா, நாயா?" என்று வால் போன கட்டத்தைக் காட்டினார்.

"நரி தம்பி."

"நரியா? நம்ம தீவுல ஏதுக்கா நரி?"

"ஒருத்தரு இருந்தாரு" என்று சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்தேன்.